பதினாலு தொட்டாச்சிணுங்கி

ஜலஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் கத்தலிலிருந்துதான் தொடங்க வேண்டும். டெல்லி துவாரகாவில் எங்கள் பள்ளியின் இரண்டாவது மாடியில் உயிரியல் ஆய்வகம். அதற்கு நேர் கீழே என் தமிழ் வகுப்பு. நான் வேற்றுமை உருபு நடத்தும்போதெல்லாம் மேலேயிருந்து அவள் குரல் இறங்கி வரும். பாடம் இங்கிலீஷில், கோபம் தமிழில். "இது சிலபஸ்ல இருக்கான்னு இன்னொரு தரம் கேட்டே, ரெக்கார்டோட சேத்து உன்னையும் ஜன்னல் வழியா போட்டுடுவேன்!" தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இந்த ஒரு வாக்கியத்தைப் பிழையில்லாமல் சொல்வார்கள். டெல்லியில் தமிழ் வளர்த்ததில் என்னைவிட அவளுக்குத்தான் பங்கு அதிகம் என்று நான் வயிற்றெரிச்சலோடு சொல்வதுண்டு.

அவள் பிறந்து வளர்ந்தது சரோஜினி நகர் அரசாங்கக் குடியிருப்பில். அப்பா ஏதோ ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்ததும் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அதற்குள் கல்யாணம், ஒரு பெண், விமான நிலையக் கார்கோவில் ஷிப்ட் வேலை பார்க்கும் கணவர் சிவகுமார். முப்பத்தெட்டு வயதில்தான் எங்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தாள். வந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் மெட்ரோவிலிருந்து இறங்கி நடக்கிறோம். பத்து நிமிஷ நடை. அவளோடு நடந்தால் இருபத்தைந்து நிமிஷம். மெட்ரோத் தூணுக்கு அடியில் ஒரு அரசங்கன்று முளைத்திருந்தால் நிற்பாள். எறும்பு எதையாவது இழுத்துக்கொண்டு போனால் நிற்பாள். வருகைப் பதிவேட்டில் எனக்கு விழுந்த தாமதக் குறிகளில் பாதி எறும்புகளால் வந்தவை.

அவள் கைப்பையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கயிறும் நான்கு ஆணிகளும் இருக்கும். ஆணிகளைத் தரையில் அடித்துக் கயிற்றைக் கட்டினால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் வரும். அதற்குக் குவாட்ரட் என்று பெயர். சூழலியல் படிக்கிற பிள்ளை முதலில் செய்ய வேண்டிய காரியம் அந்தச் சதுரத்துக்குள் என்ன என்ன செடி, எத்தனை எத்தனை என்று குனிந்து எண்ணுவது. ஒரே இனச் செடிகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு கூட்டம். பல இனக் கூட்டங்கள் சேர்ந்தால் ஒரு சமுதாயம். அதோடு மண், தண்ணீர், வெயில், காற்று எல்லாம் சேர்ந்தால் ஒரு சூழல் அமைப்பு. இவ்வளவுதான் விஷயம். இதை எனக்கு நடந்துகொண்டே சொல்லிக் கொடுத்துவிட்டாள், எனக்குப் புரிந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிள்ளைகளுக்குத்தான் புரியவில்லை. புரியவில்லை என்பதுகூட இல்லை, அவர்களுக்கு அது தேவையில்லை. மருத்துவ நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங் போகிறவர்களுக்குச் சூழலியல் என்றால் கடைசி யூனிட். கடைசி வாரத்தில் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒருநாள் வகுப்பில் உணவுச் சங்கிலி நடத்தியிருக்கிறாள். "நம்ம கிரவுண்டுல புல் இருக்கு. அந்தப் புல்லை யார் திங்கறா?" என்று கேட்டாளாம்.

"யாரும் இல்ல மேம். மாலி பையா மெஷின்ல வெட்டிடுவார்" என்றானாம் அஷ்வத், தோட்டக்காரரைச் சொல்லி. முதல் பெஞ்சுப் பையன், தொண்ணூறு சதவீதத்துக்குக் குறைந்து வாங்காதவன்.

"அப்போ புல் உற்பத்தியாளர், மாலி பையா நுகர்வோரா?"

அவன் யோசித்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டானாம். அன்று மத்தியானம் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள் ஜலஜா. "எழுதிண்டுட்டான் உமா. நான் திட்டறேன்னுகூடப் புரியலை. மாலி பையா நுகர்வோர்னு எழுதிண்டுட்டான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவளுடைய உயிர் எல்லாம் பள்ளிக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் இருந்தது. எங்கள் பள்ளியை நடத்துவது தமிழர்கள் சேர்ந்து வைத்த ஒரு டிரஸ்ட். அரங்கம் கட்டுவதற்கென்று விட்ட அரை ஏக்கர் அது. அரங்கம் வரவில்லை, செடி வந்துவிட்டது. ஒரு மூலையில் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் கழிவுநீர்க் குழாய் வந்து கொட்டும். அங்கே மட்டும் புல் பச்சையாக இருக்கும். மற்ற இடமெல்லாம் களை. ஏப்ரல் மாதத்தில் ஆள்காட்டிக் குருவி ஜோடி ஒன்று வந்து சரளைக்கல் நடுவில் முட்டையிடும். பக்கத்தில் போகிற பி.டி. மாஸ்டரின் தலைக்கு மேல் கத்திக்கொண்டே பாயும். எனக்கு அது கொசு வளர்க்கிற இடம். ஜலஜாவுக்கு அதுதான் ஆய்வகம்.

அந்த நிலத்துக்கு வினை வந்தது ஒரு ஜூலை மழையில். பள்ளிப் பேருந்து ஒன்று பின்கேட் அருகே சேற்றில் மாட்டிக்கொண்டது. உடனே டிரஸ்ட் முடிவு செய்தது: நிலம் முழுக்கச் சிமெண்ட் டைல்ஸ் பதித்துப் பேருந்து நிறுத்துவது. அறிவிப்பைப் பார்த்த அன்றே ஜலஜா மூன்று பக்கத்துக்கு ஒரு மனு எழுதினாள். 'நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருக்கும் உயிருள்ள நிலம்' என்று அதில் ஒரு வரி. தமிழ் வாக்கியத்தைத் திருத்திக் கொடுத்தது நான்தான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

டிரஸ்டின் செயலாளர் ஹரிஷங்கர் சார். முப்பத்து நான்கு வருடம் மத்திய அரசில் இருந்து அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். பள்ளியையும் ஒரு அமைச்சகமாகத்தான் நடத்துவார். சாக்பீஸ் தீர்ந்துபோனால்கூடக் கோப்பு எண் வேண்டும். அவர் மனுவைக் கிழித்துப் போடுகிற ஆள் இல்லை. அதைவிட மோசம், படிக்கிற ஆள். ஜலஜாவின் மனுவுக்கு ஒரு கோப்பு திறந்து, ஓரத்தில் 'முந்தைய பதிவுகளை இணைத்து அனுப்பவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

இங்கே எங்கள் பள்ளியின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். செய்முறைத் தேர்வுக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும். பிரவுன் ஷீட் அட்டை, லேபிள், பொருளடக்கம், முதல் பக்கத்தில் 'இது இந்த மாணவர் தாமே செய்த பணி எனச் சான்றளிக்கிறேன்' என்று ஆசிரியரின் கையெழுத்து. ஒவ்வொரு வருடமும் அழகாக இருக்கும் மூன்று ரெக்கார்டுகளை ஜலஜா மாதிரிக்கென்று அலமாரியில் வைத்துக்கொள்வாள். அடுத்த வருடப் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுவார்கள். படத்தைப் பார்த்து எழுதுவார்கள், வாக்கியத்தைப் பார்த்து எழுதுவார்கள், கூடவே எண்ணிக்கையையும் பார்த்து எழுதிவிடுவார்கள். வெளியே போய்க் குனிந்து எண்ணுவதற்கு அவர்களுக்கு என்ன கிறுக்கா? டிசம்பரில் பனி, நவம்பரில் புகை, மற்ற மாதமெல்லாம் கோச்சிங். ஜலஜா திருத்தும்போது தேதி, ஓரக்கோடு, படத்துக்கு நிழல் போட்டிருக்கிறார்களா என்றுதான் பார்ப்பாள். நாற்பது ரெக்கார்டு, இரண்டு நாள். நான் மட்டும் என்ன ஒழுங்கு? 'இயற்கை நம் அன்னை' என்று தொடங்கும் ஒரே கட்டுரைக்குப் பன்னிரண்டு வருடமாக மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

செயலாளர் கேட்டதும் ஜலஜா உற்சாகமாக அலமாரியைத் திறந்து பன்னிரண்டு வருடத்து மாதிரி ரெக்கார்டுகளையும் கட்டி அனுப்பினாள். ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. நினைக்க நினைக்க எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகஸ்டில் கூட்டம். ஆசிரியர் சார்பில் குறிப்பெடுக்க நான் உட்கார்ந்திருந்தேன். ஹரிஷங்கர் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு ரெக்கார்டைப் பிரித்தார்.

"மேடம், எல்லாம் படிச்சேன். ரொம்ப நீட்டா மெயின்டெய்ன் பண்ணியிருக்கேள். ஒரு சின்ன சந்தேகம். முதல் வருஷம், நம்ம கிரவுண்டுல தொட்டாச்சிணுங்கி பதினாலு."

"ஆமா சார்."

"ரெண்டாம் வருஷம் பதினாலு. அஞ்சாம் வருஷம் பதினாலு. போன வருஷம் பதினாலு." ஒவ்வொன்றாகத் திருப்பி மேஜைமேல் வைத்தார். "கொரோனாவுல ஸ்கூலே மூடியிருந்தது. பசங்க ஆத்துல இருந்தா. அந்த வருஷமும் பதினாலு."

ஜலஜா நாற்காலியை மேஜைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணு சாகலை, ஒண்ணு புதுசா முளைக்கலை. நொடிக்கு நொடி மாறற நிலம்னு எழுதியிருக்கேள். உங்க பேப்பர் படி பன்னெண்டு வருஷமா எதுவுமே மாறலை. இதுக்கு மேல டைல்ஸ் போட்டா என்ன கெட்டுப் போயிடும்னு எனக்குப் புரியலை. நீங்கதான் சொல்லணும்."

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே பதில் வேண்டிக் கேட்டார். ஜலஜா ஒரு ரெக்கார்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். அவள் காது மடல் சிவந்தது. பசங்க காப்பி அடித்துவிட்டார்கள் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

"இந்தப் பதினாலு நான் போட்டது சார்" என்றாள்.

சேர்ந்த புதிதில், செய்முறைத் தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது, வெளியே கை நீட்டினால் கை தெரியாத பனி. அட்டவணை எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகக் கரும்பலகையில் ஒன்று போட்டிருக்கிறாள். செடிகளின் பெயரையும் எண்ணிக்கையையும் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தானே யோசித்து எழுதிக்கொண்டு வந்தது. சரோஜினி நகர் வீட்டு வாசலில் அவள் அப்பா டால்டா டின்னில் தொட்டாச்சிணுங்கி வளர்த்தாராம். எழுத உட்கார்ந்தபோது அந்தப் பெயர் முதலில் வந்திருக்கிறது. பதினாலு ஏன் வந்தது என்று அவளுக்கே தெரியாது. பிள்ளைகள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். தேர்வு நெருக்கத்தில் அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"நம்ம கிரவுண்டுல தொட்டாச்சிணுங்கியே கிடையாது சார்" என்று முடித்தாள்.

ஹரிஷங்கர் சார் ரெக்கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு, "நாலு வாரம் டைம் தரேன். நிஜமா எண்ணி, ஃபைல்ல புட்-அப் பண்ணுங்கோ" என்றார்.

வெளியே வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. "ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு ஜலஜா? ஒன்னய யாரு அதைச் சொல்லச் சொன்னா? நெலமும் போகும், வேலையும் போகும்!"

"ஒவ்வொண்ணுலயும் என் கையெழுத்து இருக்கு உமா" என்றாள். "பசங்களை எத்தனை தரம் திட்டியிருப்பேன், காப்பி அடிக்காதேன்னு." அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு மேலே கத்த முடியவில்லை.

எண்ணுகிற வாரம் பெரிய கூத்து. டெங்கு காலத்தில் பிள்ளைகளை ஏன் செடிக்குள் விடுகிறீர்கள் என்று ஏழு அம்மாக்கள் போன் செய்தார்கள். ஒரு பெண் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிறாற்போல் கையுறை, முகமூடி, தலைக்குத் தொப்பி எல்லாம் போட்டு வந்தாள். கேட் பக்கம் ஐந்து சதுரம், குழாய்ப் பக்கம் ஐந்து சதுரம் என்று கயிறு கட்டினார்கள். அஷ்வத் குனிந்த ஐந்தாவது நிமிஷத்தில் தும்ம ஆரம்பித்தான். பார்த்தீனியச் செடியின் மகரந்தம்.

"ஜல்தி எண்ணுடா, அப்புறம் தும்மலாம்" என்றாள் ஜலஜா.

"மேம், இதுல பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்பது இருக்கு. அது எந்த ஸ்பீஷீஸ்?"

இந்த முறை அவன் கிண்டல் செய்கிறானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "அதையும் எழுது. தனியா எழுது" என்றாள்.

செடிகளின் பெயர் ஒருத்தருக்கும் எந்த மொழியிலும் தெரியவில்லை. நானே போய் நின்று, இது நாயுருவி, இது மூக்கிரட்டை, இது குப்பைமேனி என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஜலஜா பக்கத்தில் நின்று அதற்கெல்லாம் அறிவியல் பெயரைச் சொன்னாள். ஒரு சதுரத்தில் இருப்பது பக்கத்துச் சதுரத்தில் இல்லை என்பதை அந்தப் பிள்ளைகள் அன்றுதான் பார்த்தார்கள். "ஏன் மேம் இங்க மட்டும் புல் ஜாஸ்தி?" என்று ஒரு பெண் கேட்டாள். கழிவுநீர்க் குழாயைக் காட்டி ஜலஜா பாடத்தை நடத்தினாள். அன்று அவள் கத்தவில்லை என்பதை நான் கவனித்தேன்.

ஆனால் எண்ணிக்கை அவளுக்கு உதவவில்லை. பத்துச் சதுரத்தில் பார்த்தீனியம் மட்டும் முந்நூற்று நாற்பத்தேழு. தொட்டாச்சிணுங்கி ஒன்றுமில்லை.

"இந்தப் பார்த்தீனியம் நல்ல செடியா?" என்று கேட்டார் ஹரிஷங்கர் சார்.

"இல்லை சார். வெளிநாட்டுக் களை. மத்த செடியை வளர விடாது."

"உடம்புல பட்டா?"

"சில பேருக்கு அரிக்கும் சார். ஆஸ்த்மாகூட வரும்."

நான் பேனாவை மூடிவிட்டேன். இப்படி ஒரு வக்கீல் கிடைத்தால் எந்தக் கேஸ்தான் நிற்கும்? செயலாளர் கோப்பில் எழுதினார்: முதல் கட்டமாகக் கேட் பக்கத்துப் பாதி நிலத்தில் டைல்ஸ். மீதிப் பாதியை இன்னொரு வருடம் விட்டு, மறுபடியும் எண்ணிப் பார்த்து, மாற்றம் ஏதாவது இருந்தால் பரிசீலிப்பது. இல்லையென்றால் அதற்கும் டைல்ஸ். ஜலஜா நன்றி சொல்லிவிட்டு வந்தாள். தசரா விடுமுறையில் பாதி நிலம் காணாமல் போனது. முன்னும் பின்னும் எடுத்துத் திரும்பிய லாரிகளுக்கு நடுவில் அந்த ஆள்காட்டி ஜோடி சுவர்மேல் நின்று மூன்று நாள் கத்தியது. ஜலஜா அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள்.

அடுத்த வருடம் புது வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். செப்டம்பரில் பள்ளி ஆண்டுவிழா, போர்டுக்கு ஆன்லைன் படிவம் என்று ஜலஜாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. கயிற்றையும் ஆணியையும் கொடுத்து, "போன வருஷம் எண்ணின அதே பத்து இடம். உங்க ஃப்ரீ பீரியட்ல போய் எண்ணிண்டு வாங்கோ. மீதி நிலம் இருக்கறதும் போறதும் இதுலதான் இருக்கு" என்று சொல்லி அனுப்பினாள். ஒரு வியாழக்கிழமை முப்பத்தெட்டு ரெக்கார்டும் வந்தன. மறுநாள் செயலாளரிடம் கணக்கைக் கொடுக்க வேண்டும்.

ஆசிரியர் அறையில் எனக்கு எதிரே உட்கார்ந்து திருத்தினாள். நான் என் 'இயற்கை நம் அன்னை'களோடு உட்கார்ந்திருந்தேன். ஏழெட்டு ரெக்கார்டுக்குக் கையெழுத்து விழுந்த பிறகு ஒன்றைப் பிரித்தவள் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"இந்த ஷ்ரேயாவைப் பாரேன். முதல் அஞ்சு கட்டத்துக்கு எல்லாத்துலயும் சைபர். எண்ணவே போகலை, சோம்பேறி. மத்தவாளாவது..."

பாதியில் நிறுத்தினாள். கையெழுத்துப் போட்ட ரெக்கார்டுகளில் ஒன்றை இழுத்துப் பிரித்தாள். இன்னொன்றை. இன்னொன்றை. பிறகு நாற்காலியை விட்டு எழுந்தாள்.

முதல் ஐந்து சதுரம் கேட் பக்கம். கேட் பக்கம் டைல்ஸ். மற்ற முப்பத்தேழு பேரும் அந்த ஐந்து சதுரத்தில் நூற்று எண்பத்தெட்டு பார்த்தீனியம் எண்ணியிருந்தார்கள். போன வருடத்து எண்ணிக்கை, ஒன்று கூடாமல் குறையாமல். பள்ளிப் பேருந்துகளின் சக்கரத்துக்கு அடியில் நூற்று எண்பத்தெட்டுச் செடி. பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்பதும்கூட இருந்தது.

ஷ்ரேயாவைக் கூப்பிட்டு அனுப்பினோம். ஒல்லியான பெண், வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். ரெக்கார்டில் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிவிட்டது.

"சாரி மேம். நான் போய்ப் பார்த்தேன். அங்க டைல்ஸ் தான் இருக்கு. ஒண்ணுமே இல்ல. எல்லாரும் நம்பர் போட்டிருக்காங்க, எனக்கு மட்டும் வரல. நான் தப்பா எண்ணிட்டேனா?"

ஜலஜா அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் கத்திக் கத்திக் கேட்டதை ஒரு பெண் செய்துகொண்டு வந்து கொடுத்திருக்கிறாள். அதற்கு இவள் குறுக்கே கோடு போட்டிருக்கிறாள்.

"நீ சரியாத்தாம்மா எண்ணியிருக்கே" என்றாள் கடைசியில். "தப்பாத் திருத்தினது நான்." சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் 'திருத்தியவர் பிழை' என்று எழுதித் தேதி போட்டாள். பிறகு முதல் பக்கத்தைத் திருப்பிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள்.

பிறகுதான் கத்தினாள். அந்தக் கத்தலுக்கு மூன்று மாடியும் வெளியே வந்தது. முப்பத்தெட்டுப் பேரையும் கயிற்றோடு கீழே ஓட்டினாள். டைல்ஸில் ஆணி இறங்காது. நான்கு மூலைக்கும் நான்கு பிள்ளைகளை உட்கார வைத்துக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னாள். பேருந்துக்கும் பேருந்துக்கும் நடுவே பிள்ளைகள் வெறும் சிமெண்ட்டைச் சுற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர்கள் பீடியை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன இருக்கு, சத்தமா சொல்லு!"

"ஒண்ணும் இல்ல மேம்."

"எழுது!"

ஐந்து சதுரத்துக்கும் இதே. பிறகு மீதிப் பாதி நிலத்துக்குப் போய் மற்ற ஐந்து சதுரத்தையும் உட்கார்ந்து எண்ணினார்கள். ஷ்ரேயா எழுதியிருந்த எண்களோடு ஒன்றிரண்டுதான் வித்தியாசம். இதற்குள் ஹரிஷங்கர் சார் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுக் குடையோடு இறங்கி வந்துவிட்டார்.

"என்ன மேடம் இது, காலி இடத்துல என்ன எண்ணறேள்?"

ஜலஜா அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முப்பத்தேழு பேர் பார்த்து எழுதியதையும், தான் ஏழெட்டு ரெக்கார்டுக்கு மறுபடியும் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டதையும் சேர்த்தே சொன்னாள். எனக்கு இப்போதெல்லாம் பழகிவிட்டது, காலை மிதிக்கவில்லை.

அவர் ஷ்ரேயாவின் ரெக்கார்டை வாங்கிப் போன வருடத்துக் கணக்கோடு வரிவரியாக ஒப்பிட்டார். "இந்தப் பக்கம் பார்த்தீனியம் நூத்தம்பத்தொன்பதுலேர்ந்து தொண்ணூத்தாறுக்கு வந்திருக்கே. புல் ரெண்டு மடங்காயிருக்கு. ஏன்?"

"தெரியாது சார்" என்றாள் ஜலஜா. "டைல்ஸ் போட்டதுல தண்ணியெல்லாம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கு. அதனால இருக்கலாம். மழை ஜாஸ்தி பெஞ்சதால இருக்கலாம். ஒரு வருஷத்தை வெச்சுண்டு சொல்ல முடியாது. இன்னும் எண்ணிப் பார்த்தாத்தான் தெரியும்."

இவள் தெரியும் என்று ஏதாவது சொல்லித் தொலைக்கக்கூடாதா என்று நான் பல்லைக் கடித்தேன். ஆனால் ஹரிஷங்கர் சார் அந்த 'தெரியாது' என்ற வார்த்தையைக் கேட்டதும் தலையாட்டினார். முப்பத்து நான்கு வருடக் கோப்பு மனிதருக்கு அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நன்றாகத் தெரியும். அங்கேயே பேருந்தின் படியில் உட்கார்ந்து எழுதினார்: 'மாற்றம் உள்ளது. காரணம் தெளிவாகவில்லை. மேலும் கணக்கெடுப்பு வரும்வரை இரண்டாம் கட்டம் நிலுவையில் வைக்கப்படுகிறது.' டெல்லியில் நிலுவையில் வைத்த கோப்புக்கு ஆயுசு கெட்டி என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் வருடா வருடம் நிஜமான கணக்கு போய்ச் சேர வேண்டும்.

இந்த வருடம் முதல் வேலையாக ஜலஜா மாதிரி ரெக்கார்டுகளையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தாலிக்கயிற்றோடு கோத்துக்கொண்டாள். பயனில்லை. போன வருடத்து ரெக்கார்டு முழுக்க யாரோ போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸாப் குழுவில் போட்டாகிவிட்டது. அதைக் கேள்விப்பட்ட அன்று அவள் என்னிடம் இரண்டு மணி நேரம் புலம்பினாள்.

மறுநாள் நான் ஏதோ கேட்பதற்காக மாடிக்குப் போனபோது அவள் புது வகுப்புக்குக் கரும்பலகையில் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தாள். பத்துச் சதுரத்துக்குப் பத்துப் பத்தி. செடியின் பெயருக்கு ஒரு பத்தி. பெயர் எதுவும் எழுதவில்லை, எண் எதுவும் எழுதவில்லை.

"மேம், எக்ஸாம்பிளுக்கு ஒரு வரி மட்டும் ஃபில் பண்ணிக் காட்டுங்க" என்றான் முதல் பெஞ்சுப் பையன் ஒருவன்.

ஜலஜா சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் காலிக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மாட்டேன்" என்றாள். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து கயிற்றை எடுத்தாள். "எழுந்திருங்கோ எல்லாரும்."

"மேம், இது சிலபஸ்ல..." என்று பின்னாலிருந்து யாரோ ஆரம்பித்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அவசரமாகக் கீழே இறங்கிவிட்டேன்.